பிக்கப்புக்கு ஏசி

மெஸ்கிட் வெல்ஸ், அரிசோனா
மே 9, 1998

அன்புள்ள அண்ணனுக்கு,

நலமா என்று கேட்க மனம் வரவில்லை. உன் சிறை அறையில் மின்விசிறிகூடக் கிடையாது என்று எழுதியிருந்தாய். இங்கே நாங்களும் வெந்துகொண்டுதான் இருக்கிறோம்.

அப்பாவை டயாலிசிஸுக்கு மலைக்கு அந்தப் பக்கம் கூட்டிப்போக வேண்டியிருக்கிறது. நம் பழைய பிக்கப் வண்டியில் ஏசி கிடையாது. போன வாரம் வழியிலேயே ஜன்னலில் சாய்ந்து மயங்கிவிட்டார்.

நோயாளிகளை ஏற்றிப்போகும் அரசு வேனுக்கு மனுப் போட்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஜில்லென்று உட்கார்ந்திருந்தவள், "உங்க வீட்லதான் வண்டி இருக்கே? வண்டி இல்லாதவங்களுக்குத்தாம்மா வேன்" என்றாள். "அது வண்டி இல்லம்மா, அடுப்பு" என்றேன். சிரித்தாள். கையெழுத்து மட்டும் போடவில்லை.

வேன் கிடைக்க வண்டியை விற்றுவிடலாம், அண்ணா. அப்பா கேட்க மாட்டேன் என்கிறார். "அவன் வெளிய வந்தா எதுல வேலைக்குப் போவான்? நடந்தா?" என்கிறார். நீ சொன்னால் கேட்பார். ஒரு வரி எழுது.

அன்புத் தங்கை,
நெலிடா


சிறையிலிருந்து
மே 21

என் நெலிக்கு,

விற்காதே. ஜெயிலுக்குப் போனவனுக்கு எவன் வேலை தருவான்? அந்த வண்டி இருந்தால் வெல்டிங் மெஷினைப் பின்னால் ஏற்றிக்கொண்டு நானே பிழைத்துக்கொள்வேன். இல்லாவிட்டால் திரும்ப இங்கேதான் வருவேன்.

ஏசி போட்டுவிடு. கம்ப்ரஸரும் கண்டென்சரும் காயலான் கடையில் கிடைக்கும். பக்கத்து வீட்டுச் செனோபியோ மாட்டித் தருவான். கேஸ் ஏற்றும் முன் குழாய்களில் உள்ள காற்றையெல்லாம் பம்ப் வைத்து உறிஞ்ச வேண்டும். அவன் சோம்பேறி, பக்கத்திலேயே நில்.

ஏசியின் சூட்டைக் கக்கும் கண்டென்சர், எஞ்சினைக் குளிர்விக்கும் ரேடியேட்டருக்கு முன்னால் வரும். ரேடியேட்டர் சின்னதுதான். தாங்கும்.

அப்பாவுக்கு என் முத்தம்.

எஃப்ரேன்


மெஸ்கிட் வெல்ஸ்
ஜூன் 17

அன்புள்ள அண்ணா,

போட்டாச்சு! டேஷ்போர்டில் இடமே இல்லை. அடியில் ஒரு பெட்டியாகத் தொங்குகிறது, என் முழங்கால் தோல் உரிந்துவிட்டது. அப்பா முகத்தை அதனிடம் கொண்டுபோய், "அடியே, பணக்காரன் விடுற மூச்சு இப்படித்தான் இருக்கும்போல" என்றார். பிறகு வழி முழுக்கக் குழந்தை மாதிரித் தூங்கினார்.

விற்கச் சொன்னதை மனதில் வைத்துக்கொள்ளாதே.

நெலி


ஜூலை 22

அண்ணா,

சிறைப் பாதிரியார் சொல்லியிருப்பார். எப்படி நடந்தது என்று நான்தான் சொல்ல வேண்டும்.

டயாலிசிஸ் முடிந்து திரும்பும்போது மலை ஏற்றத்தில் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் சிவப்பைத் தொட்டது. கண்டென்சர் கக்கிய சூடெல்லாம் அந்தச் சின்ன ரேடியேட்டருக்குப் போனது. ஏசியை நிறுத்தினேன். முள் இறங்கவில்லை. இந்தப் பாலைவனத்தில் ஓட்டுகிற எவனும் அடுத்து ஹீட்டரைத் திறப்பான், எஞ்சின் சூட்டை வண்டிக்குள் இழுத்துவிட. நான் திறக்கவில்லை. ஓரம் கட்டப் போனேன்.

"நிறுத்தாதடி, எஞ்சின் வெந்துரும். ஹீட்டரைப் போடு."

"நீ செத்துடுவப்பா!"

"உச்சி தோ தெரியுது. அவனுக்குன்னு இருக்கிறது இது ஒண்ணுதான். போடுன்னா போடு."

அவரே கையை நீட்டித் திருப்பினார். வெளியே எரிகிற வெயில், உள்ளே அந்தக் காற்று. தட்டிவிடப் போன என் கையைப் பிடித்துக்கொண்டார். "நாப்பது வருசம் வயல்ல வெந்தவன்டி நான். இதெல்லாம் ஒரு சூடா?" என்று சிரித்தார். உச்சியில் முள் இறங்கியது. "பாத்தியா?" என்றார். அப்புறம் பேசவில்லை. கையைத் தொட்டேன். வியர்வையே இல்லை, தோல் கொதித்தது. ஆஸ்பத்திரிக்கு வண்டியைத் திருப்பினேன். போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது.

அடுத்த வாரம் வியாழக்கிழமை அடக்கம். உன்னை விடுவார்களா?

நெலிடா


சிறையிலிருந்து
ஆகஸ்ட் 3

நெலி,

விடவில்லை. என்னைச் சங்கிலியோடு கூட்டிவர ஆள் இல்லையாம். அடக்க நேரத்தில் நூறு பேர் தின்ற தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். அப்பாவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை.

வண்டியைச் சும்மா போட்டுவைக்காதே. அந்தச் சூட்டுக்கு எஞ்சினில் விரிசல் விட்டிருக்கலாம். ஆயிலில் தண்ணீர் கலந்து பால்போல இருக்கிறதா என்று பார்த்து எழுது.

உன் அண்ணன்


மெஸ்கிட் வெல்ஸ்
ஆகஸ்ட் 15

எஃப்ரேன்,

பார்த்தேன். ஆயில் சுத்தமாக இருக்கிறது. எங்கும் விரிசல் இல்லை. சாவியைத் திருப்பினதும் கிளம்புகிறது.

வண்டியை உன் பெயருக்கு மாற்றிவிட்டேன். சாவி செனோபியோவிடம் இருக்கிறது. வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டேன். வடக்கே ஒரு மீன் தொழிற்சாலையில் வேலை, நாளைக்குப் பஸ். புது முகவரி உனக்கு வேண்டாம்.

நீ வெளியே வருகிற அன்று ஆள் யாரும் இருக்க மாட்டார்கள். வண்டி இருக்கும்.

நெலிடா