சின்னாற்றுச் சுழி

ஞாயிறு, இரவு.

மரப்பலகையில் செதுக்கி நான் அச்செடுத்த ஆற்றுச் சுழிப் படத்தை இன்று கண்காட்சியில் எல்லோரும் பாராட்டினார்கள். தண்ணீர் நிஜமாகவே சுழல்கிறதாம். ஊரில் எங்கள் பக்கத்து வீட்டு மேரியக்காவும் பாலக்கோட்டிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார். போன மழைக்குக் கணவரை ஆற்றில் பறிகொடுத்தவர். படத்தின் முன் வெகுநேரம் நின்றார்.

"இது அவரு போன எடந்தானே?"

தலையாட்டினேன்.

"அன்னிக்கு எல்லாரும் அவரத் தேடறாங்க, நீ மட்டும் அசையாம தண்ணியவே பாத்துக்கிட்டு நின்ன. அவருக்காக வேண்டிக்கிட்டுதானே இருந்த, கண்ணு?"

அன்று நான் பார்த்தது கோடுகளை. எந்தக் கோடு எங்கே வளைந்து உள்ளே போகிறது என்று மனத்தில் பதித்துக்கொண்டிருந்தேன்.

"ஆமாங்கக்கா" என்றேன்.

அவர் என் இரு கைகளையும் எடுத்துக் கண்களில் ஒற்றிக்கொண்டார். நான் இழுத்துக்கொள்ளவில்லை.