மூங்கில் எட்டு

இந்த ஆண்டுக்கான மாஜோங் அட்டைகள் அமெரிக்காவிலிருந்து நேற்றுத் தபாலில் வந்தன. வழக்கம்போல நாலு. மூன்று போதும் என்று அவர்களுக்கு யாரும் எழுதவில்லை. புது அட்டையின் மை மணத்தை முகர்ந்து பார்ப்பது உம்முடைய பழக்கம். நானும் முகர்ந்து பார்த்தேன். பிறகு இதை எழுத உட்கார்ந்தேன்.

இந்த நாட்டுக்குக் கலர் ரீவி வந்த வருடம்தான் டொறத்தி நம்மை மாஜோங் ஆடக் கூப்பிட்டார். அவர் கணவர் கார்த் தொழிற்சாலை வேலையாக அமெரிக்காவிலிருந்து வந்தவர். வீடு நோபல் பார்க்கில் நம் தெருவில். டொறத்திக்கும் அவர் சினேகிதி பெற்றிக்கும் அந்தச் சீனக் காய் விளையாட்டை ஆட இன்னும் இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். உமக்கு ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை. ஊரில் இரசாயனம் படிப்பித்த நான் இங்கே ஒரு தொழிற்சாலையில் பிஸ்கற் அடுக்கிக்கொண்டிருந்தேன். வியாழன் பின்னேரம் இருவருக்கும் ஓய்வு.

அந்த ஆண்டு எந்தெந்தக் காய்கள் சேர்ந்தால் வெற்றி என்று அட்டையில் இருக்கும். ஒருவர் வேண்டாமென்று போடும் காயை எடுத்து இன்னொருவர் வெல்லலாம். ஒருவர் வெளியே வைத்த காய்களை அதோடு ஒப்பிட்டு, அவருக்கு இன்னும் எது வேண்டும் என்று கணித்து, அதை மட்டும் போடாமல் வைத்திருக்க வேண்டும். எனக்கு வெல்வதைவிட மற்றவரை வெல்லவிடாமல் செய்வதில்தான் ருசி. "இவளுக்கு எக்ஸ்ரே கண்" என்று டொறத்தி எல்லாரிடமும் சொன்னார். தொழிற்சாலையில் என் பெயரைக்கூட ஒருவரும் சரியாகச் சொன்னதில்லை. அந்த ஒரு மேசையில்தான் நான் கெட்டிக்காரி.

கண்ணுமில்லை, எக்ஸ்ரேயுமில்லை. நீர் இங்கிலீசில் பகிடி விடுவீர், சண்டையும் பிடிப்பீர். எண்ணுவது மட்டும் தமிழில். அட்டையைப் பார்த்தபடி "ரெண்டு வந்திட்டுது, இனி ஒரு ஏழு" என்று வாய்க்குள் முணுமுணுப்பீர். மேசையில் அது விளங்கக்கூடியவள் நான் ஒருத்திதான். என் கையில் ஏழு இருந்தால் போடாமல் இறுக்கிப் பிடித்துக்கொள்வேன். இப்படி மூன்று மாதம்.

ஒரு வியாழன் நீர் வெளியே வைத்த காய்களைப் பார்த்தால் உமக்கு ஒரு ஜோடியை முடிக்க ஒரே காய்தான் குறை. அட்டைப்படி அது மூங்கில் படம் போட்ட காய்களில் ஐந்தாக இருக்கலாம், அல்லது மூங்கில் எட்டாக இருக்கலாம். "ஐஞ்சு, ஐஞ்சு, எங்கையடா ஐஞ்சு" என்று முணுமுணுத்தீர். என் கையில் இரண்டு ஐந்து இருந்தது. பத்திரமாக வைத்துக்கொண்டு எட்டைப் போட்டேன். நீர் அதை எடுத்து, "மாஜோங்" என்று வென்ற காய்களை விரித்தீர்.

நடுமேசையில் ஏற்கெனவே இரண்டு மூங்கில் ஐந்து கிடந்தது. ஓர் இலக்கத்துக்கு நாலே காய், மற்ற இரண்டும் என்னிடம். ஐந்து உமக்கு வரவே வழியில்லை. புதிதாக ஆட வந்தவள்கூடப் பார்த்திருப்பாள்.

நீர் காய்களைக் கலைத்தபடியே சொன்னீர்: "கண்ணால விளையாடும். காதால விளையாடாதையும்."

எனக்குக் காது சுட்டது. என்ன சொன்னாய் என்று டொறத்தி உம்மைக் கேட்டார். இனி எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். நீர் இங்கிலீசில், "கஷ்டமான இடம், யாராயிருந்தாலும் எட்டைத்தான் போட்டிருப்பினம் எண்டனான்" என்றீர். பிறகு தேத்தண்ணி ஊற்றப் போய்விட்டீர்.

அதற்குப் பிறகு நீர் மேசையில் முணுமுணுத்ததேயில்லை. எப்போதிருந்து தெரியும் என்று நான் கேட்கவுமில்லை. உம்மோடு எத்தனை தடவை ரெயிலில் போய் வந்தேன், கேட்க எத்தனை சந்தர்ப்பம். வாய் வரவில்லை. கண்ணால் ஆடப் பழகினேன். பாதி நாள் தோற்றேன்.

போன மாதம் உம்முடைய செத்தவீட்டில் உம்முடைய கணவர் என்னை நாலு வார்த்தை பேசச் சொன்னார். நீர் தமிழில் முணுமுணுத்து எண்ணுவதைச் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். நான் அதை வைத்து என்ன செய்தேன் என்பதைச் சொல்லவில்லை. முடிந்ததும் டொறத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "அவள் கையில என்ன இருக்கெண்டு உனக்குத்தான் எப்பவும் தெரியும்" என்றார்.

நான் ஓம் என்று தலையாட்டினேன். நீர் கடைசிவரை அவரிடம் ஒன்றும் சொல்லாமலே போயிருக்கிறீர். இன்னொரு தடவை என்னைக் காப்பாற்றினது மாதிரி இருந்தது, அதைத் தாங்க முடியவில்லை.

வருகிற வியாழன் டொறத்தியிடமும் பெற்றியிடமும் சொல்லப் போகிறேன். அதற்கு முன் உமக்கு: நான் ஒன்றையும் கணிக்கவில்லை. ஒட்டுக்கேட்டேன். மன்னியும்.