ஐஸ் மேல் போட்ட பழி

வேலையில இருந்து வந்ததும் முதல்ல இதைப் படி. கோபத்தை அப்புறம் தொடரலாம்.

சூப் அடுப்பு மேல இருக்கு. ஆற வெச்சுக் குடி, விரிசல் விட்ட பல் சூடு தாங்காது. இடது பக்கமாவே மெல்லு. வியாழக்கிழமை நாலு மணிக்குப் பல்லுக்கு கேப் போடுறாங்க. லீவு சொல்லிட்டேன், நானும் வரேன்.

நேத்து உன் மாத்திரை வாங்கப் போனப்ப, ராத்திரி ஷிப்டுல தூங்கிடாம இருக்க நீ ஐஸைக் கடிச்சே பல்லை உடைச்சுக்கிட்ட கதையைப் பல் டாக்டர்கிட்ட புலம்பினேன். "தூக்கத்துல பல்லைக் கடிப்பாங்களா?"ன்னு கேட்டாங்க. இல்லவே இல்லைன்னு அடிச்சுச் சொன்னேன்.

பஸ் ஏறினப்புறம்தான் ஞாபகம் வந்துது. கல்யாணமான நாள்ல இருந்தே நீ கடிப்ப. நான் பாதித் தூக்கத்துல உன் கன்னத்துல கையை வைப்பேன், நிறுத்திடுவ. நீ ராத்திரி ஷிப்டுக்கு மாறி எட்டு மாசமாச்சு. பகல்ல தனியா தூங்குற. கை வைக்க ஆளில்ல.

அடுத்த ஸ்டாப்புலயே இறங்கித் திரும்பிப் போய்ச் சொன்னேன். தூங்கும்போது பல்லுல மாட்டிக்க ஒரு உறை குடுத்தாங்க.

ஐஸ் கடிச்சதுக்கு உன்னைக் கிண்டல் பண்ணிப் போன சீட்டுல எழுதினது என் தப்புதான். மூணு நாளா நீ பதிலுக்கு ஒரு வரிகூட எழுதல. திட்டியாவது எழுது.

குழாய் ரிப்பேர்க்காரரைச் சாயங்காலம் வரச் சொல்லிட்டேன். நல்லா தூங்கு.

நான் ஒளிச்சு வெச்ச ஐஸ் ட்ரேயைப் பழைய இடத்துலயே வெச்சுட்டேன். அதுக்காகக் கடிச்சிடாத.

இன்னொன்னு. உறை தலையணைகிட்ட நீல டப்பாவுல இருக்கு. தினமும் மாட்டிக்கோ. ஞாயித்துக்கிழமை மட்டும் வேண்டாம். நான் வீட்டுல இருப்பேன்.