மூன்று தரம் கேட்டார் சாமியார்

சேசு மரி சூசை துணை

ஆம்பூர்,
24 மார்ச் 1934

சென்னைப் பெரியமேட்டுத் தோல் மண்டியில் வேலையாக இருக்கும் ரத்தினசாமி அவர்களுக்கு, சவுரியம்மாள் பணிவுடன் எழுதிக்கொண்டது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். தங்கள் சுகத்துக்குத் தேவமாதாவை வேண்டுகிறேன். கல்யாணத்துக்கு முன் பெண் கடிதம் எழுதுவது அழகில்லை என்று தெரியும். அம்மாவுக்குத் தெரிந்துதான் எழுதுகிறேன், பயப்படாமல் படியுங்கள்.

தை மாதம் நம் கல்யாணத்தன்று கோயிலில் சாமியார் மூன்று தரம் சம்மதமா என்று கேட்டும் நான் வாய் திறக்கவில்லை. மற்ற இடங்களில் பெண் தலை குனிந்து நின்றாலே சரி என்று எடுத்துக்கொள்வார்கள். அம்மா பின்னாலிருந்து என் தலையைப் பிடித்து ஆட்டிக்கூடப் பார்த்தாள். வாயால் சொன்னால்தான் செல்லும் என்று சாமியார் புத்தகத்தை மூடிவிட்டார். நீங்கள் மாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றது இன்னும் என் கண்ணிலேயே இருக்கிறது.

ஊர் சும்மா இருக்குமா? திமிர் என்றார்கள், மனசில் வேறு யாரோ என்றார்கள். தோல் பதனிட அப்பா ஆவாரம்பட்டை கொண்டுபோய்ப் போடும் தோல் ஷாப்பிலும் அதே பேச்சு. உங்களுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும். சத்தியமாக அது இல்லை. நாலு பேர் பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் போதும், எனக்குக் குரல் எழும்பாது. ஏதாவது தப்பாகப் பேசிச் சிரிப்பார்களோ என்ற பயம். பள்ளிக்கூடத்தில் பதில் தெரிந்தும் பெஞ்சின் மேல் நின்றவள் நான். பேனா பிடித்தால் மட்டும் எனக்கு வாய் ஜாஸ்தி, பார்க்கிறீர்களே.

அம்மா என்னை வேலூரில் தேவகி என்ற லேடி டாக்டரிடம் காட்டினாள். தொண்டையில் கோளாறு இல்லை, பயம்தான் நோய், அதற்கும் வைத்தியம் உண்டு என்றார்கள். வாரா வாரம் போகிறேன். கலர் தண்ணீர்கூடத் தராத டாக்டர் என்று அப்பாவுக்குக் குறை. சிரித்தால் என்ன ஆகும், அப்புறம் என்ன ஆகும் என்று அந்த அம்மாள் கேட்டுக்கொண்டே போவார்கள். கடைசியில் பெரிதாக ஒன்றும் ஆகாது என்று நானே சொல்லிவிடுவேன். பிறகு நாலு பேர் நடுவில் பேசிப் பழக லாங் பஜார் கடைகளுக்கு அனுப்புவார்கள். முதலில் ஆள் இல்லாத கடையில் விலை மட்டும் கேட்டேன். போன வாரம் நல்ல கூட்டத்தில் கடைக்காரர் மக்பூல் அகமது பாயிடம் நூல்கண்டு கேட்க வேண்டியிருந்தது. குரல் கீச்சென்று வந்தது. பாய், "இன்னாம்மா, கொஞ்சம் சத்தமா சொல்லு, காதுல விழல" என்றார். பக்கத்தில் நின்ற இரண்டு பெண்கள் சிரித்தே விட்டார்கள். எனக்கு அழுகை வந்தது. ஆனாலும் மறுபடி சொல்லி வாங்கினேன். அதற்குள் அவர்கள் வேறு பேச்சுக்குப் போய்விட்டார்கள்.

பயம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஈஸ்டர் கழிந்து நம் கல்யாணத்துக்கு மறுபடி குறித்திருக்கும் புதன்கிழமையை நினைத்தால் சோறு இறங்கவில்லை. இந்தத் தடவையும் பேசாவிட்டால் வேறு பெண் பார்ப்பதாக உங்கள் அம்மா சொல்லியனுப்பியிருக்கிறார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. பயத்தோடேயே பேசலாம் என்கிறார்கள் டாக்டர். கடையில் நூல் கேட்பதும் கோயிலில் உங்களைக் கேட்பதும் ஒன்றா?

எனக்கு உங்களைப் பிடித்திருக்கிறது. பெண் பார்க்க வந்த அன்றே பிடித்துவிட்டது. அன்று என்னை யாரும் கேட்கவில்லை.

தேவமாதா உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். ஒரே ஒரு வேண்டுதல். சாமியார் கேட்டவுடன் எனக்குக் குரல் வராமல் போகலாம். அதை மறுப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கொஞ்ச நேரம் என் பக்கத்திலேயே நில்லுங்கள். சொல்லத்தான் பாடுபட்டுக்கொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
சவுரியம்மாள்