மலையிறங்கியவர்களின் மூச்சு

போடிநாயக்கனூர்,
ஞாயிறு காலை.

மதிப்பிற்குரிய அப்பாவுக்கு, தையல்நாயகி வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகம். உங்கள் முழங்கால் வீக்கம் வடிந்ததா?

இங்கே ஒரு சின்னச் சண்டை, பயப்படாதீர்கள். ஏலத்தோட்டத்தில் பூச்சிமருந்து அடிப்பவர்களின் நுரையீரலை ஒரு வருடமாக ஆராய்கிறோம் அல்லவா? கடைசிச் சோதனையில் எல்லோரும் நலம் என்று வந்தது. எனக்குச் சந்தேகம். மூச்சிரைத்தவர்கள் வேலையை விட்டுப் போய்விட, மலையில் மிஞ்சியவர்களை மட்டுமே சோதித்திருந்தோம்.

அப்படிப் போன பெரியம்மாள் என்பவரை அடிவாரத்துச் சிலமலை ஊரில் தேடிப் பிடித்தேன். "மருந்தடிச்சு மூச்சு முட்டித்தான் எறங்குனேன். எறங்கிட்டா ஒங்க கணக்குல நான் இல்லையாக்கும்?" என்று கேட்டார். அவரையும் அவரைப்போல் இறங்கிய மற்றவர்களையும் சோதித்துச் சேர்த்ததும் முடிவு தலைகீழானது.

எங்கள் ஆய்வுத் தலைவர், "பாதியில போனவங்கள கணக்குலருந்து எடுத்துரும்மா" என்றார்.

"சேந்த எல்லாரையும் கணக்குல எடுப்போம்னு ஆரம்பத்துலயே வெளியிட்டோமே சார். முடிவு பிடிக்கலன்னு இப்ப விதிய மாத்த மாட்டேன்" என்றேன்.

வேலை போய்விடும் என்று மிரட்டினார். போனவர்களைச் சேர்த்தும் விட்டும் வந்த இரண்டு முடிவுகளையும் நெறிமுறைக் குழுவுக்கு அனுப்பிவிட்டேன். நேற்று அவர்கள் அவரிடம் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். அவர் என்னோடு பேசுவதில்லை, அலுவலகத்தில் மற்றவர்களும்தான்.

மலைப்பக்கம் போனால் குளிர் அதிகம். என் கம்பளியும் அம்மா போட்ட நார்த்தங்காய் ஊறுகாயும் வேண்டும். பார்சலில் வேண்டாம், நீங்களே கொண்டு வந்தால் இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகலாம்.

கீழே ஜீப் ஹாரன் அடிக்கிறது. மலையிறங்கிய இன்னொருவர் அடிவாரத்துக் குரங்கணியில் இருக்கிறாராம். மூச்சளக்கும் கருவியை எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன்.

உங்கள்
தையல்