சிவப்பு தெரியாத பிலிம்

ஜூன் 4

இன்றும் என்னைத்தான் அந்த நாற்காலியில் உட்கார வைத்தார் பெரியப்பா. ஸ்டுடியோவின் பெரிய மரக் கேமராவுக்கு இனி எந்தக் கறுப்பு வெள்ளை பிலிம் வாங்குவது என்று முடிவு செய்ய வேண்டுமாம். சோதித்துப் பார்க்க ஒரு முகம் வேண்டும்.

"உன் மூஞ்சிதான் தோது பாப்பா. எல்லா நெறமும் ஒரே எடத்துல கெடைக்குது." சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

இடது கண்ணுக்குக் கீழிருந்து தாடை வரை பிறந்ததிலிருந்தே சிவப்பு மச்சம். பள்ளியில் 'அட்லஸ்' என்பார்கள். ஒருநாள் பூகோள டீச்சரும் சேர்ந்து சிரித்தார். அதோடு பள்ளியை விட்டு பெரியப்பாவின் ஸ்டுடியோவில் வேலைக்கு வந்துவிட்டேன்.

பெரியப்பாவுக்கு நான் ஏன் பதில் சொல்லவில்லை?

ஜூன் 6

படங்கள் காய்ந்துவிட்டன. ஆர்த்தோ பிலிமுக்குச் சிவப்பு தெரியாது. சிவப்பெல்லாம் அதில் கறுப்பாக விழும். என் கன்னத்தில் மைப்புட்டியைக் கவிழ்த்த மாதிரி இருந்தது. இவ்வளவு கறுப்பா என்று மெல்லக் கேட்டேன்.

"பிலிம் அப்படித்தான் பாக்கும். நான் என்ன பண்ணட்டும்?"

அடுத்தது பான் பிலிம். அதற்கு எல்லா நிறமும் தெரியும். ஆனால் லென்ஸ் முன்னால் சிவப்புக் கண்ணாடி பில்டரை மாட்டியிருந்தார். அதன் வழியே சிவப்பு வெளுத்துவிடும்; மச்சம் துடைத்த மாதிரிப் போய்விட்டது. அம்மா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து அழுதாள். "எம்பொண்ணு எவ்ளோ லட்சணம்!"

பதினாறு வருஷமாக எதிரிலேயே நிற்கிறேன். ஒருநாளும் வராத சொல்.

ஜூன் 10

கடை முகப்பின் கண்ணாடிப் பெட்டியில் இரண்டு படத்தையும் மாட்டிவிட்டார். கறுத்ததற்குக் கீழே 'முன்', வெளுத்ததற்குக் கீழே 'பின்'. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தெருவில் போகிறவர்கள் படத்தைப் பார்க்கிறார்கள், உள்ளே என்னைத் தேடுகிறார்கள்.

"எடுத்துடுங்க பெரியப்பா."

"நீதான்னு யாருக்கும்மா தெரியப் போகுது?"

எல்லாருக்கும்தான்!

ஜூன் 11

பின்வாசல் வழியாகத்தான் வேலைக்குப் போனேன்.

ஜூன் 14

அம்மா அந்த வெளுத்த படத்தின் பிரதி ஒன்றை அத்தைக்கு அனுப்பியிருக்கிறாள். அத்தை போன் பண்ணினாள். "ட்ரீட்மென்ட் எங்க பண்ணீங்க? சொல்லவே இல்ல?" அம்மா சிரித்து மழுப்பினாள். 'இல்லை' என்று ஒரு சொல் சொன்னால் நாக்கு தேய்ந்துவிடுமா?

ஜூன் 17

இருட்டறையில் சிவப்பு விளக்கு எரிந்தால், அங்கிருக்கும் கண்ணாடியில் என் கன்னம் இரண்டும் ஒன்றுபோல் தெரியும். அதற்காகவே இந்த வேலைக்கு வந்தேன். ஆர்த்தோவை அந்த விளக்கில் தாராளமாகக் கையாளலாம். பானுக்கு அதுவும் ஆகாது, கும்மிருட்டு வேண்டும்.

டாக்டரம்மா குடும்பத்தோடு படம் எடுக்க வந்து காத்திருந்தார். பெரியப்பா இருட்டறையில் பான் பெட்டியைத் திறந்தார். காலமெல்லாம் ஆர்த்தோ போட்ட கை — தானாகப் போய்ச் சிவப்பு விளக்கைப் போட்டது. நான் பக்கத்தில்தான் நின்றேன். பெட்டி முழுதும் வீண்.

வெளியே வந்து என்ன சொன்னார் தெரியுமா? "இந்தப் பொண்ணு லைட்ட போட்டுட்டா டாக்டர். சின்னப் புள்ள, விவரம் பத்தாது."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். என் கன்னத்தை. "பரவால்ல, அடுத்த வாரம் வர்றோம்."

பொய். பச்சைப் பொய். எனக்கெல்லாம் வாய் எதுக்கு? சோறு திங்க மட்டுமா?

ஜூன் 21

புது பான் பெட்டி வந்தது. "வா பாப்பா, உக்காரு. சோதிச்சுப் பாத்துடலாம்."

"மாட்டேன். நீங்க உக்காருங்க."

"நானா?"

"உங்க மூஞ்சிலயும்தான் எல்லாம் கெடைக்குது."

குரல் நடுங்கவில்லை. விளையாட்டு என்று நினைத்து உட்கார்ந்தார். ஒரு வாரமாகச் சளி, துடைத்துத் துடைத்து மூக்கு பழமாகச் சிவந்திருந்தது. ஆர்த்தோவில் ஒன்று எடுத்தேன். பான் பிலிமைக் கும்மிருட்டில் நானே ஹோல்டர் சட்டத்தில் போட்டு, பில்டர் மாட்டி இன்னொன்று. "தும்மாதீங்க" என்று அதட்டினேன். நானா அதட்டினேன்?

ஜூன் 22

அவர் வருவதற்கு முன்பே என் படங்களுக்குப் பக்கத்தில் அவருடையதையும் மாட்டினேன். முன், பின். ஆர்த்தோவில் மூக்கு சுட்ட கத்தரிக்காய்.

பக்கத்துக் கடைத் தையல்காரர்தான் முதலில் பார்த்தார். "என்னண்ணே, மூக்குல யாரு குத்துனது?"

பெரியப்பா கண்ணாடிப் பெட்டி முன்னால் நின்றார். மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"இத எடு பாப்பா."

"பிலிம் அப்படித்தான் பாக்கும் பெரியப்பா. நான் என்ன பண்ணட்டும்?"

"தெருவே பாக்குது."

"ஆமா."

பெட்டிச் சாவியை என்னிடம் வாங்கி நான்கு படங்களையும் அவரே கழற்றினார். மன்னிப்பெல்லாம் இல்லை. எனக்கும் கோபம் ஆறவில்லை. ஆறவும் வேண்டாம்.

ஜூன் 25

டாக்டரம்மா குடும்பம் வந்தது. பெரியப்பா கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு, "போன தடவ லைட்ட போட்டது நான்தான் டாக்டர்" என்றார். முகத்தைக் காட்டிச் சொல்லியிருக்கலாம். ஆனாலும் சொன்னார்.

அவர்கள் போனபின் ஒரு தாள் பிலிம் மிஞ்சியது. "உனக்கு எடுக்கவா? எப்படி வேணும்?"

"பான்ல. பில்டர் இல்லாம."

மச்சம் சாம்பல் நிறத்தில், இருக்கிற இடத்தில், இருக்கிற அளவில் விழுந்திருக்கிறது. பெரியப்பா அதை வெகுநேரம் பார்த்தார்.

"இத முன்னாடி மாட்டலாமா?"

"வேண்டாம்."

மாட்டவில்லை.