தையல் கடைக்கு வந்த போன்

நாநா,

நாளை பள்ளிக்கூடம் திறக்கிறது. பக்கத்து வீட்டில் புது வெள்ளைக் கவுன்களுக்கு இஸ்திரி போடுகிறார்கள். சூடு பட்ட புதுத்துணியின் வாசனை ஜன்னல் வழியே வருகிறது. அந்த வாசனை வந்ததும் நான் கொழும்பில் இல்லை. பூண்டுலோயாவில், உங்கள் தையல் கடையில் நிற்கிறேன். நீங்கள் கண்ணை மூடி ஒரு வருஷமாகிவிட்டது. ஆனாலும் உங்களை நினைத்தால் முதலில் வருவது சிரிப்புத்தான்.

தம்பியின் காற்சட்டையை வாங்க வந்த நாளில்தான் நாம் பழகினோம். கடை நிறையத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள். நீங்கள் அளவுக் கொப்பியைப் புரட்டி யாருடைய இடுப்பளவையோ தேடிக்கொண்டிருந்தீர்கள். தேத்தண்ணி கொட்டி அதில் பாதிப் பக்கங்கள் ஒட்டிப்போயிருந்தன. கண்டியில் கணினி டிப்ளோமா முடித்துவிட்டு, வேலைக்கு விண்ணப்பம் போட்டுப் போட்டுச் சலித்து லயத்து வீட்டில் இருந்த நான், "இத கம்பியூட்டர்ல போட்டுத் தரட்டுங்களா நாநா?" என்று, எல்லோரும் உங்களை அண்ணன் முறையில் கூப்பிடுவதுபோலவே கேட்டேன்.

வாயிலிருந்த குண்டூசியை எடுத்துவிட்டு, "போட்டுட்டு ஓடிப்போக மாட்டீங்களே?" என்று கேட்டீர்கள்.

பழைய மடிக்கணினி ஒன்றில் சின்னதாக ஒரு மென்பொருள் எழுதினேன். பெயரைத் தட்டினால் அளவு வரும். உங்களுக்குப் பிடித்திருந்தது. ஆனால், "எழுத்து எறும்பு மாதிரி ஈக்குது, பெருசாக்கித் தாங்க" என்று வாரத்துக்கு ஒருமுறை சொல்வீர்கள். நானும் வாரத்துக்கு ஒருமுறை "செய்றேங்க" என்பேன்.

பிறகு அந்த இரண்டு தர்ஷினிகள் வந்தார்கள். ஒரே தோட்டம். ஒருத்தி மூன்றாம் ஆண்டு, மற்றவள் ஓ.எல். பரீட்சை எழுதப்போகிறவள். என் மென்பொருள் பெயரை மட்டும் பார்த்துவிட்டு, பெரியவளின் அளவை அழித்து அந்த இடத்தில் சின்னவளின் அளவை எழுதிவிட்டது. ஜனவரி நெருக்கடியில் நீங்களும் திரையில் இருந்ததை நம்பி வெட்டிவிட்டீர்கள். சனிக்கிழமை காலை பெரியவள் கவுனை வைத்துப் பார்த்தாள். தோளிலிருந்து இடுப்பைத் தாண்டவில்லை. திங்கட்கிழமை பள்ளிக்கூடம்.

நீங்கள் போனில் கூப்பிட்டதும் அடுத்த பஸ்ஸைப் பிடித்து வந்தேன். தர்ஷினியின் அம்மா சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். நீங்களோ, "நான்தான் பாக்காம வெட்டிட்டேன்" என்று தலையைக் குனிந்து நின்றீர்கள். எனக்குப் பொறுக்கவில்லை. "அவர் மேல தப்பில்லீங்க. பிழை என்னோடது" என்றேன். மறுபடி அளவெடுத்தோம். நீங்கள் வெட்டித் தைத்தீர்கள், நான் பட்டன் வைத்தேன். மெஷின் ஓடிய நேரத்தில் அப்பா பெயரையும் கேட்கும்படி மென்பொருளை மாற்றினேன். வேறு யாருக்கும் இப்படி ஆகியிருக்குமோ என்று கொப்பியோடு ஒப்பிட்டுப் பார்த்ததில் இன்னும் மூன்று பேர் அகப்பட்டார்கள். நாலு மணிக்குத் தர்ஷினி கவுனைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் ஒரு சுற்றுச் சுற்றினாள். அவள் அம்மாவும் சிரித்துவிட்டார்.

கொழும்பில் நேர்முகத்தேர்வு அந்த மாதக் கடைசியில்தான் வந்தது. அதற்கு முன் போன இடங்களில் எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்டதோடு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். இங்கே மூன்று பேர் இருந்தார்கள். பலகையில் ஒரு கணக்கைக் கொடுத்தார்கள், பாதியில் நின்றுவிட்டேன். அவர்களில் தமிழ் பேசிய அம்மா ஒருவர் என் விண்ணப்பத்தைப் பார்த்து, "இந்தத் தையல் கடை சொஃப்ட்வெயார யாராவது பாவிக்கிறாங்களா?" என்று கேட்டார். ஒருவர் பாவிக்கிறார் என்றேன். எண்ணைக் கேட்டார். எல்லோருக்கும் கேட்கும்படி போனை மேசையில் வைத்தார்.

"புது ஓடர் எடுக்க ஏலாது" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள்.

மறுபடி அழைத்தார். என்னைப் பற்றிக் கேட்க வேண்டும் என்றார்.

"அந்தப் புள்ளையா? ஒருக்கா ரெண்டு பேர்ட அளவ மாத்திட்டா."

அந்த அம்மா போனை இன்னும் கிட்ட இழுத்தார்.

"அப்புறம்?"

"நான் என் தலைல போட்டுக்கிட்டு நின்டேன். அவ வந்து எல்லாருக்கும் முன்னால தன் பிழைன்டு செல்லிட்டா. அதத் திருத்திட்டு, கேக்காமலே மத்தப் பேரையும் பாத்தா. எழுத்துத்தான் இன்னும் பெருசாக்கித் தரல்ல. நீங்களாவது செல்லுங்க."

"இன்னும் பாவிக்கிறீங்களா?"

"பாவிக்காமயா குறை செல்றேன்?"

அந்த அம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மற்ற இருவருக்கும் சிங்களத்தில் சொன்னார், அவர்களும் சிரித்தார்கள்.

வேலை கிடைத்தது. சேர்ந்த பிறகு ஒரு நாள் அவர் சொன்னார்: "பலகைக் கணக்க யாரும் பழகிக்கலாம். தன் பிழையத் தானே சொல்லி, பக்கத்துல இருக்கிற பிழையையும் தேடுற ஆள்தான் கிடைக்கிறதில்ல."

ஊருக்கு நீங்கள் சொன்னது வேறு. "கம்பெனிக்காரங்க என்கிட்டதான் கேட்டாங்க. புள்ளைய நான்தான் குடுத்தேன்." கொழும்புக்குக் கிளம்பும் முன் எழுத்தைப் பெரிதாக்கித் தந்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இப்ப கொஞ்சம் கூடிப்போச்சு" என்றீர்கள்.

நீங்கள் போனபோது வீட்டுக்கு வந்திருந்தேன். உங்கள் மனைவி என் கையைப் பிடித்து, உறவுக்காரர்களிடம், "இவதான் அவர் கொழும்புக்குக் குடுத்த புள்ள" என்றார். அன்றைக்கு மட்டும் அழுதேன்.

இப்போது ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் மேசையில் நானும் உட்காருகிறேன். சான்றிதழ்களைப் பார்ப்பேன், பலகைக் கணக்கும் கொடுப்பேன். பிறகு, "நீங்க செஞ்சதப் பாவிச்சிட்டு உங்களத் திட்டுறது யாரு?" என்று கேட்பேன். பலர் விழிப்பார்கள். போன வாரம் நல்லதண்ணி ஊரிலிருந்து வந்த ஒரு பெண் யோசிக்கவே இல்லை. "எங்க அத்தைதாங்க. மலையேற வர்ற சீசன்ல தொப்பிக் கடை போடுவாங்க. நான் செஞ்ச ஆப் பேட்டரியத் தின்னுதாம். தெனமும் ஏச்சுத்தான்" என்றாள்.

அத்தையின் எண்ணை வாங்கினேன். அதைத் தட்டும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, நாநா.